ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி: மார்பகத்திலும் புராஸ்டேட்டிலும் ஹார்மோன் ஏற்பிகள்

அத்தையின் இரண்டாவது ரிப்போர்ட் வந்த அன்று குடியாத்தம் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். "பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது அண்ணா" என்று தங்கை போனில் சொன்னாள். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நோய் வந்துவிட்டது, தெருவை அடைப்பார்கள், ஆம்புலன்ஸ் வரும். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்று ஒரு வரி. மார்பில் புற்றுநோய் இருப்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த வரி சொன்னது வேறு. தினம் ஒரு மாத்திரையைக் கொண்டு அந்தப் புற்றைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்க வழி இருக்கிறது என்று அது சொன்னது. இரண்டு மாத அலைச்சலில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான்.

முதல் ரிப்போர்ட்டில் இதே இடத்தில் மூன்றும் நெகட்டிவ் என்று இருந்தது. அதே பெண், அதே நோய். எப்படி மாறியது என்பதைப் பிறகு சொல்கிறேன். உண்மையில் அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஆனால் அது புரிய, ஏற்பி என்றால் என்ன என்பது முதலில் தெரிய வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு இருபது ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன். ஹார்மோன்களைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அந்தச் சொல்லின் எடை எனக்கே அத்தையின் காகிதத்தில்தான் தெரிந்தது.

ஹார்மோன் ரத்தத்தில் போகும் சேதி. ரத்தம் எங்கும் ஓடுவதால் சேதியும் எங்கும் போகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மார்பகத்துக்குப் போகும் அதே நேரத்தில் முழங்கைக்கும் போகிறது. மார்பகம் மாறுகிறது, முழங்கை மாறுவதில்லை. ஏன்? வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொல்லலாம். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரியில் மதகைத் திறக்கவும் மூடவும் நீர்பாய்ச்சி என்று ஒருவர் பொறுப்பாக இருப்பார். ஊரில் முடிவான சேதி அவர் காதில் விழுந்தால் மதகு திறக்கும், வயலுக்குத் தண்ணீர் பாயும். அதே சேதி கடைத்தெரு முழுக்கப் பரவினாலும் அங்கே எந்த மதகும் திறக்காது. கேட்டுச் செயல்பட அங்கே ஆள் இல்லை. செல்லுக்குள் இருக்கும் அந்த ஆள்தான் ஏற்பி. மருத்துவமனையில் ரிசெப்டர் என்பார்கள்.

ஏற்பி ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் கொழுப்பில் கரையும் பொருள்கள் என்பதால் செல்லின் சவ்வைத் தடையில்லாமல் கடந்து உள்ளே போய்விடுகின்றன. உள்ளே ஏற்பியின் நடுவிலுள்ள குழியில் ஹார்மோன் போய் உட்காருகிறது. உட்கார்ந்ததும் ஏற்பியின் உருவம் சற்றே திரும்புகிறது. அதுவரை சும்மா இருந்த புரதம் இப்போது இன்னொன்றோடு இரட்டையாகச் சேர்ந்து, டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களைப் பற்றிக்கொண்டு, சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வளர், பிரி, பால் சுரக்கத் தயாராகு என்பவை அந்த மரபணுக்கள் சொல்லும் வேலைகள். பருவமடையும் பெண்ணின் மார்பகம் வளர்வதும், பையனுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெரிதாவதும் இப்படித்தான். மார்பகத்தில் முதன்மையானது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புராஸ்டேட்டில் ஆண்ட்ரோஜன் ஏற்பி. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களுக்குத்தான் ஆண்ட்ரோஜன் என்று பெயர். ரிப்போர்ட்டில் வரும் ஈ.ஆர்., பி.ஆர். என்பவை முறையே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியும். ஹெர்-2 ஹார்மோன் ஏற்பி அல்ல. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் வேறு வகைப் புரதம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு.

புற்றுச் செல் எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்ல. அந்த உறுப்பின் செல்லே நெறி தவறி வளர்கிறது. அதனால் தாய்த் திசுவில் இருந்த ஏற்பியைப் பல புற்றுக்கட்டிகள் கூடவே எடுத்துப் போகின்றன. வயலுக்கு அளவோடு திறந்த மதகை இப்போது களைக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை நிறுத்தினால் களை வாடும். ஹார்மோன் சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஏற்பி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் இதைச் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன். சூலகத்துக்கும் பால் சுரப்புக்கும் தொடர்பு இருப்பதை ஆராய்ந்தவர் அவர். கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை எடுத்துவிட்டால் பால் நீடிக்கும் என்பது சில நாடுகளில் விவசாயிகள் அறிந்திருந்த செய்தி. எங்கோ வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பு மார்பகத்தை ஆள்கிறது என்றால் மார்பகப் புற்றையும் அது ஆளாதா என்று அவர் கேட்டார். முற்றிய நோயுள்ள பெண்களின் சூலகங்களை அகற்றினார். கட்டிகள் கரைந்ததை 1896இல் வெளியிட்டார். ஆனால் மற்ற மருத்துவர்களும் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்குத்தான் பலன் தெரிந்தது. மீதி இரண்டு பேர் வயிற்றைக் கிழித்துக்கொண்டது வீண். யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டியே சொல்ல அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை.

விடை சிகாகோவில் எல்வுட் ஜென்சனிடமிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜனை ஏதோ ஒரு நொதி மாற்றுகிறது, அந்த மாற்றத்தால்தான் அது வேலை செய்கிறது என்று 1950களில் பெரும்பாலோர் நம்பினார்கள். ஜென்சன் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்: ஹார்மோன் திசுவை என்ன செய்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, திசு ஹார்மோனை என்ன செய்கிறது என்று கேட்டார். கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை இளம் பெண் எலிகளுக்கு மிக நுண்ணிய அளவில் செலுத்தினார். மற்ற திசுக்களில் அது வந்த வேகத்தில் போய்விட்டது. கருப்பை போன்ற, ஈஸ்ட்ரோஜனுக்குப் பணியும் திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன, அதுவும் எந்த மாற்றமும் செய்யாமல். பிடித்து வைக்க அங்கே ஏதோ இருக்கிறது என்பது உறுதியானது. 1958இல் வியன்னாவில் நடந்த மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். பிறகு அவரே மார்பகக் கட்டிகளில் அந்த ஏற்பியைத் தேடி, ஏற்பி நிறைந்த கட்டிகளே ஹார்மோனை நிறுத்தும் சிகிச்சைக்கு மடங்குகின்றன என்று காட்டினார். பீட்சனின் மூன்றில் ஒருவர் யார் என்பது அப்போது தெரிந்தது.

ஏற்பியைத் தடுக்கும் மாத்திரையின் கதையும் நேர்ப்பாதையில் போனதல்ல. 1960களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய ஒரு பொருள் கருத்தடை மாத்திரையாக வர வேண்டியது. எலியில் கருத்தரிப்பைத் தடுத்தது, பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது. கைவிடப்பட்டிருக்க வேண்டிய அந்தப் பொருள்தான் டமாக்ஸிஃபென். 1971இல் மான்செஸ்டரில் முற்றிய மார்பகப் புற்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. விலையும் எளியவருக்கு எட்டும். ஏற்பி உள்ள ஆரம்ப நிலை நோயில் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து பார்த்துச் சேர்த்த கணக்கு இது. ஏற்பி இல்லாத நோயில் அதே மாத்திரையால் பலன் இல்லை.

டமாக்ஸிஃபென் ஏற்பியின் குழிக்குள் ஹார்மோனுக்கு முந்திக்கொண்டு உட்காருகிறது. உட்கார்ந்தாலும் ஏற்பி சரியான உருவத்துக்குத் திரும்ப முடிவதில்லை, மரபணுக்கள் முடுக்கப்படுவதில்லை. விந்தை என்னவென்றால், இது மார்பகத்தில்தான் தடை. கருப்பை உட்சுவரில் அதே மாத்திரை ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போலவே நடக்கிறது. ஏற்பிக்குத் துணையாக வரும் புரதங்கள் ஒவ்வொரு திசுவிலும் வேறு வேறு என்பதே காரணம். அதனால்தான் மாதவிடாய் நின்ற பிறகு இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே சொல்லச் சொல்கிறார்கள். கால் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் எல்லோருக்கும் வருவன அல்ல. ஆனால் தெரியாமல் இருக்கக் கூடாதவை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னொரு வழி உண்டு. சூலகம் ஓய்ந்த பிறகும் உடலில் ஈஸ்ட்ரோஜன் தீர்ந்துவிடுவதில்லை. அட்ரீனல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜன்களைக் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்றவை அந்த நொதியை அடைக்கும் மாத்திரைகள். என் அத்தைக்குக் கொடுத்தது லெட்ரோசோல். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன என்று அவர் சொல்வது மருந்தின் விளைவே. எலும்பும் மெலியும் என்பதால் எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும். மூட்டுவலிக்காகச் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஏற்பி உள்ள நோய் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கக் கூடியது. ஏற்பி இல்லாத நோய் வந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பி வரும். எனவே உடம்பு நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்துவது, தண்ணீர் வடிந்துவிட்டது என்று மதகை மூடாமல் வீட்டுக்குப் போவதைப் போன்றது. வலி தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம்.

இனி அத்தையின் முதல் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

அத்தை மார்பில் கட்டியைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று பெண்கள் ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்பதற்காகவே பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்த ஐடா ஸ்கட்டர், அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அந்த மருத்துவமனைக்கு ஒரு பஸ் தூரத்தில் வாழ்ந்த பெண், நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும், வெட்கத்தால் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. எங்கள் வீட்டில் கேட்க ஆள் இல்லாமல் போனோம் என்பதே உண்மை.

தெரிந்ததும் பக்கத்திலிருந்த ஒரு சிறு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார்கள். ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் கட்டியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சலைன் ஊற்றிக் கையில் கொடுத்து, "பயாப்ஸிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றார்கள். அன்று சனிக்கிழமை மாலை. லேப் மூடியிருந்தது. அத்தை மகன் அந்த டப்பாவைத் திங்கட்கிழமை வரை வீட்டில் வைத்திருந்தான். யாரையும் குறை சொல்ல அவனுக்கு அப்போது தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

உடலிலிருந்து வெட்டி எடுத்த திசு அந்த நிமிடத்திலிருந்தே கெடத் தொடங்குகிறது. ரத்த ஓட்டம் இல்லாத செல்லின் நொதிகள் அதன் சொந்தப் புரதங்களையே உடைக்கின்றன. ஏற்பியும் புரதம்தான். அதைக் காப்பாற்ற, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போக வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஃபார்மலின் அல்ல, அமிலத்தன்மை சமன் செய்த பத்து சதவீத ஃபார்மலின். திசுவைப் போல் பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும். எலுமிச்சை அளவுக் கட்டியை அப்படியே போட்டால் வெளியே பதப்பட்டு நடுவில் அழுகும். அதனால் பெரிய கட்டியை அறுத்துத் திறந்து போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகம் 72 மணி நேரம் ஊறலாம். கூடினாலும் குறைந்தாலும் ஏற்பிப் பரிசோதனை தடுமாறும். சலைன் திசுவைப் பதப்படுத்தாது. எங்கள் டப்பாவில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர்.

பதப்பட்ட திசுவைப் பாரஃபின் மெழுகில் பொதித்து ஒரு சிறு கட்டியாக்குவார்கள். அதற்குப் பெயர் பிளாக். அதிலிருந்து தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவலை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை ஊற்றுவார்கள். ஏற்பி இருக்கும் உட்கரு பழுப்பு நிறமாகும். இதுதான் ஐ.எச்.சி. நூறு புற்றுச் செல்லில் ஒன்றாவது பழுப்பாகியிருந்தால் பாசிட்டிவ் என்பது இன்றைய வரையறை. ஒன்றிலிருந்து பத்து வரை என்றால் குறைந்த அளவு என்று தனியாகக் குறிப்பார்கள். மாத்திரையின் பலன் அங்கே அவ்வளவு உறுதியில்லை. எத்தனை சதவீதம், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் இருந்தால் அது அரைகுறை ரிப்போர்ட் என்பது என் எண்ணம்.

வேலூரில் அத்தையைப் பார்த்த மருத்துவமனையில் அந்தப் பழைய ஸ்லைடுகளையே முதலில் கேட்டார்கள். அடுத்த முறை போனபோது மருத்துவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புற்றுச் செல்கள் பழுப்பாகவில்லை என்பது மட்டும் சிக்கல் அல்ல, பக்கத்திலிருந்த நல்ல பால் நாளங்களின் செல்களும் பழுப்பாகவில்லை என்றார். நல்ல பால் நாளத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள சில செல்களாவது இருந்தே தீரும். அவையும் பழுப்பாகவில்லை என்றால், ஏற்பி இல்லை என்று பொருள் அல்ல. பரிசோதனை தோற்றுவிட்டது என்று பொருள். பிறகு அக்குள் நிணநீர்க் கணுக்களை அறுவை செய்து எடுத்தபோது அங்கே பரவியிருந்த புற்றை உடனே முறையாகப் பதப்படுத்திச் சோதித்தார்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ். வீட்டில் எல்லோரும் அழுத ரிப்போர்ட் அதுதான்.

முதல் ரிப்போர்ட்டை நம்பியிருந்தால் அத்தைக்கு ஹார்மோன் மாத்திரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மேலை நாடுகளில் மார்பகப் புற்றுகளில் 70 முதல் 80 சதவீதம் ஏற்பி உள்ளவை. நம் நாட்டு ஆய்வுகளில் அந்த விகிதம் பொதுவாகக் குறைவு. மூன்றும் நெகட்டிவான நோய் நம்மிடம் கூடுதல், நான்கில் ஒன்றையும் தாண்டுகிறது. நம் பெண்களுக்கு இளைய வயதிலேயே நோய் வருவது ஒரு காரணம். ஆனால் எங்கள் டப்பாவைப் போல எத்தனை டப்பாக்கள் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. நோயே அப்படி என்றால் ஒன்றும் செய்ய முடியாது. உப்புத் தண்ணீரால் ஒரு பெண் தன் மாத்திரையை இழக்கிறாள் என்றால் அது தடுக்கக் கூடிய இழப்பு. மார்பில் கட்டி என்றால் வெட்டி எடுப்பதற்கு முன்னால் தடித்த ஊசியால் திசு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ட்ரூகட் என்பார்கள். மெல்லிய துண்டு என்பதால் நொடியில் ஃபார்மலினுக்குள் போகும், நன்றாகவும் ஊறும்.

அத்தையின் அண்ணன், என் பெரியப்பா, ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அடுத்த ஆண்டே அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் பரவியிருந்தது. தங்கையின் ஃபைலைப் பார்த்திருந்தவர் தன் ரிப்போர்ட்டையும் வரி வரியாகப் படித்துவிட்டு, "அவளுக்கு ஏற்பி பார்த்தார்கள், எனக்கு ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டார். கணக்கு எழுதியவர் கேட்ட மிகச் சரியான கேள்வி.

புராஸ்டேட்டில் பார்க்கத் தேவையில்லை. தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாப் புராஸ்டேட் புற்றுகளிலும் ஆண்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. அதோடு, அந்த ஏற்பி வேலை செய்கிறதா என்பதை ரத்தமே சொல்கிறது. பி.எஸ்.ஏ. என்று ரத்தத்தில் சோதிக்கிறார்களே, புராஸ்டேட் சுரக்கும் அந்தப் புரதத்தின் மரபணுவை முடுக்குவது ஆண்ட்ரோஜன் ஏற்பிதான். பி.எஸ்.ஏ. ஏறினால் ஏற்பி விழித்திருக்கிறது, இறங்கினால் அடங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மார்பகத்தில் திசுவைக் கிள்ளித் தேட வேண்டியதைப் புராஸ்டேட்டில் ஓர் ஊசி ரத்தம் மாதாமாதம் சொல்லிவிடுகிறது.

இதற்கும் ஒரு பீட்சன் உண்டு. சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல், பரவிய புராஸ்டேட் புற்று உள்ளவர்களின் விதைகளை (விந்தகங்களை) அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ நோய் அடங்குவதைக் காட்டினார். எலும்பு வலியில் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் பரவிய நோய்க்கு முதல் சிகிச்சை அதே கொள்கைதான்: டெஸ்டோஸ்டிரோனை நிறுத்து. விதைகளை எடுப்பது சிறிய அறுவை, செலவு ஒரே முறை. ஊசி என்றால் மாதத்துக்கொன்று அல்லது மூன்று மாதத்துக்கொன்று, வாழ்நாள் முழுதும். லியுப்ரோலைடு போன்ற ஊசிகள், விதைகளுக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரிச் சுரப்பியை இடைவிடாமல் தூண்டித் தூண்டிக் களைக்க வைக்கின்றன. அதனால் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறித்தான் இறங்கும். முதுகெலும்பில் நோய் இருப்பவர்களுக்கு அந்த ஏற்றம் ஆபத்து என்பதால் ஏற்பியை அடைக்கும் பைகலுடமைடு மாத்திரையை முன்னதாகவே தொடங்குவார்கள்.

பெரியப்பா அறுவையைத் தேர்ந்தெடுத்தார். ஊசிக்குப் பிள்ளைகள் செலவழிக்க வேண்டாம் என்றார். அந்த முடிவை அவர் எங்களிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. அத்தையின் எட்டு மாத மௌனத்தையும் இந்த நான்கு நாளையும் நான் ஒன்றாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். 80ஐத் தாண்டியிருந்த பி.எஸ்.ஏ. சில மாதங்களில் ஒன்றுக்குக் கீழே வந்தது. உடல் திடீர் திடீரென்று கொதித்து வியர்த்தது. மாதவிடாய் நின்றபோது தனக்கு வந்தது என்று அத்தை சொன்ன அதே வெக்கை. அண்ணனும் தங்கையும் திண்ணையில் உட்கார்ந்து அதை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். ஆணின் எலும்பையும் காப்பது பெருமளவு ஈஸ்ட்ரோஜன்தான். அது அவன் உடலில் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகிறது. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் போகும், எலும்பு மெலியும்.

ஆனால் புற்று அடங்கியே கிடப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் அடியோடு குறைந்த பிறகும் சில ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறத் தொடங்கும். ஹார்மோனை நம்பாத புதிய நோயாக அது மாறிவிட்டது என்றுதான் முன்பு நினைத்தார்கள். அப்படியல்ல. பெரும்பாலும் அதே ஏற்பிதான் இன்னும் மதகில் நிற்கிறது. சில புற்றுகளில் ஏற்பியின் மரபணு பல படிகளாகப் பெருகி, கிசுகிசுப்பைக்கூடக் கட்டளையாகக் கேட்கிறது. சிலவற்றில் ஹார்மோன் உட்காரும் குழியே இல்லாத குட்டை ஏற்பி உருவாகிறது. அதற்குச் சேதியே தேவையில்லை, தானாகவே திறந்து வைக்கிறது. இன்னும் சிலவற்றில் புற்று தனக்கான ஆண்ட்ரோஜனைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. குழி மாறிப்போய், தடுக்கக் கொடுத்த மாத்திரையையே ஹார்மோனாக ஏற்றுக்கொள்வதும் உண்டு. அப்போது மாத்திரையை நிறுத்தியதும் பி.எஸ்.ஏ. குறையும். மருந்தை நிறுத்துவதே மருந்தாகும் அந்த விந்தை, ஏற்பி இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது என்பதற்கான சான்றாகவும் அமைந்தது.

இந்தப் புரிதலிலிருந்து வந்தவைதான் அபிராடெரோனும் என்சலுடமைடும். முன்னது விதை, அட்ரீனல், புற்று மூன்றிலும் ஆண்ட்ரோஜன் உற்பத்தியை அடைக்கிறது. அதோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுப்பார்கள். பின்னது ஏற்பியை இறுக்கமாக அடைக்கிறது. அபிராடெரோனை வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்வது சும்மா அல்ல. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குவரை ஏறிவிடும். பெரியப்பாவுக்கு இந்த மாத்திரை தொடங்கியபோது, ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு இதைத் தொடக் கூடாது என்று அட்டையில் எழுதி மாத்திரை டப்பாவில் ஒட்டி வைத்தேன்.

மார்பகத்திலும் இதே ஆட்டம்தான் நடக்கிறது. அரோமடேஸை அடைத்து ஈஸ்ட்ரோஜனைத் துடைத்தெடுத்த பிறகு, சில புற்றுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு திரிந்து, ஹார்மோன் இல்லாமலேயே திறந்த உருவத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு ஏற்பியையே சிதைக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி இருக்கிறது. ஏற்பி முடுக்கிவிடும் செல் பிரிதலை அடுத்த படியில் தடுக்கும் பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் உறவுக்காரர்கள். அவற்றின் ஏற்பிகளும் ஒரே குடும்பம். இரண்டாவது வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை 1996இல் கண்டுபிடித்ததே எலியின் புராஸ்டேட்டிலிருந்துதான். ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதாவது எந்த ஆணும் அதைத் தன் தாயிடமிருந்தே பெறுகிறான். ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும், நூறு நோயாளிகளில் ஒருவர் அளவுக்கு. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும்.

ஒரே வீட்டில் தங்கைக்கு மார்பகம், அண்ணனுக்குப் புராஸ்டேட் என்று சொன்னதும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து குடும்ப மரத்தை வரையச் சொன்னார். பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுவில் பிழை இருந்தால் இரண்டு நோய்க்கும் வாய்ப்பு கூடும். பெண் வழி நோய், ஆண் வழி நோய் என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா வழியில் யாருக்காவது புராஸ்டேட் புற்று இருந்ததா என்று மார்பகப் புற்று வந்த பெண்ணிடம் கேட்டால், பாதிப் பேருக்குத் தெரியாது. "சிறுநீர் அடைப்பில் போனார்" என்று மட்டும் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூரில் சிகிச்சை பெறக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வங்காள, ஜார்கண்ட் குடும்பங்களில் சிலர் இரண்டு நாள் ரயிலில் ஸ்லைடுகளைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறார்கள். ஸ்லைடைவிட பிளாக் முக்கியம். சீவி ஒட்டிய ஸ்லைடில் ஏற்பியின் அடையாளம் சில மாதங்களில் மங்கும். மெழுகுக்குள் இருக்கும் திசுவில் பல ஆண்டுகள் நிலைக்கும். நாளைக்குப் புதிய பரிசோதனை வந்தாலும் அந்த பிளாக்கிலிருந்தே இன்னொரு சீவல் எடுக்கலாம். லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் பொதுவாகத் தருவார்கள். பிளாக் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள்.

அத்தையின் அக்குள் கணுவிலிருந்து எடுத்த பிளாக் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சிறியது. அத்தை வீடு தகரக் கூரை; வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அந்த வீட்டுப் பரண் எப்படிக் காயும் என்பது எங்களுக்குத் தெரியும். மெழுகு அதனால் உருகிவிடாது என்றாலும் மனம் ஒப்பவில்லை. பிளாக்கை ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெயரும் எண்ணும் எழுதி, எங்கள் வீட்டுக் கீழ் அறை பீரோவில் பத்திரப்பதிவுக் காகிதங்களோடு வைத்திருக்கிறேன்.